மலைப்பக்க வழி

பாய், இன்று காலை செங்கம் சாலையில் அந்தக் காலி மனைக்கு முன்னால் லாரி வந்து நின்றது. பின்கதவைத் திறந்ததும் நனைந்து காய்ந்த தார்ப்பாயின் வாடை அடித்தது. உங்கள் தம்பி சவுக்குக் கம்புகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அந்த வாடை வந்தால் தீபம் வந்துவிட்டது என்று மனசு துள்ளும். இன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டேன்.

நாளைக்குத் தீபம். கிரிவலம் போகிறவர்களுக்கு மத்தியானச் சோறு போடும் பந்தல் இந்த வருஷமும் அதே இடத்தில்தான். வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். வேறு இடம் கிடைக்கவில்லை என்றார்கள். என் கைப்பையில் உங்கள் கத்தி இருக்கிறது. கயிறு அறுக்க நீங்கள் எப்போதும் இடுப்பில் செருகியிருப்பீர்களே, அந்தச் சாண் நீளக் கத்தி. ஆஸ்பத்திரியில் கொடுத்த துணிமணிப் பையிலிருந்து அதை எடுத்து உங்கள் வீட்டம்மா என் கையில் கொடுத்தார். ஏன் எனக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் உடைந்து போயிருப்பேன். அன்று முதல் டிபன் பாக்ஸுக்கும் குடைக்கும் நடுவில் அது கிடக்கிறது. அலுவலகத்தில் யாராவது என் பையைத் துழாவினால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ தெரியவில்லை.

உங்களை நான் முதலில் பார்த்ததும் இதே மனையில்தான். ஏழெட்டு வருஷம் இருக்கும். அன்னதானக் குழுவில் நான் புதுசு. கீழ்பென்னாத்தூரில் அரிசி மண்டி வைத்திருக்கும் எங்கள் தலைவர், “மேடம் கவர்மெண்டு ஆளு, சமையல் பரிமாறல் ரெண்டையும் அவங்க பாத்துக்குவாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கவர்மெண்டு ஆளுக்கும் சாம்பாருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. பந்தல் போட வந்த நீங்கள் கடப்பாரை முனையால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டீர்கள்.

“ஆபீஸ்ல இன்னா வேல மேடம்?”

“மழை, வெள்ளம், தீ விபத்துன்னு வந்தா யார் என்ன செய்யணும்னு ஒரு திட்டம் இருக்கும் பாய். அந்த ஃபைல டைப் பண்றது நான்.”

“அட, அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரே தொழிலு. நீங்க பேப்பர்ல போடறீங்க, நான் மண்ணுல போடறேன்.”

மறுநாள் அந்தத் திட்டத்தின் நகல் ஒன்றைக் கொண்டுவந்து உங்களிடம் காட்டினேன். பெருமையடித்துக்கொள்ளத்தான், வேறென்ன. நீங்கள் மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, சவுக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து நாலு பக்கம் பொறுமையாகப் படித்தீர்கள்.

“நல்லா இருக்கு மேடம். ஆனா ஒரு ஆளு பேருகூட இல்லியே?”

“தொடர்புடைய அலுவலர்னு போட்டிருக்கேனே பாய்.”

“அவரு யாரு? அன்னைக்கு அவரு இல்லன்னா?”

எனக்குச் சுருக்கென்றது. வருஷா வருஷம் பழைய கோப்பைத் திறந்து வருஷத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தவள் நான். உங்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் பிடித்துவிட்டீர்கள். அந்த ‘இல்லன்னா’ தான் உங்கள் தொழில் என்று எனக்குப் போகப் போகப் புரிந்தது. கரண்ட்டு இல்லன்னா? லாரி உள்ள வர வழி இல்லன்னா? தீப நாள்ல ரோடு பூரா ஜனம், வண்டியே வரலன்னா? சாப்பிட உட்கார்ந்தவங்கள்ல ஓட முடியாதவங்க எத்தன பேரு? அவங்கள யாரு தூக்கறது? அந்த ஆளு இல்லன்னா? கேட்கக் கேட்க எரிச்சல் வரும். “பாய், நல்ல காரியத்துக்கு முன்னாடி இப்படியே பேசாதீங்களேன்” என்று ஒரு தடவை கடித்துக்கூட இருக்கிறேன். நீங்கள் சிரித்தீர்கள். “நல்ல காரியத்துக்குத்தான் மேடம் கூட்டம் ஜாஸ்தி வரும்” என்றீர்கள்.

அந்த வருஷமே ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் நாம் இரண்டு பேரும் எழுதினோம். சிலிண்டரை மூடுவது யார், நடக்க முடியாதவர்களை முதலில் வெளியே கொண்டுபோவது யார், வாசலில் நின்று வழி காட்டுவது யார். வெளியே வந்த எல்லாரும் எதிரில் இருக்கிற டீக்கடை வாசலில் போய் நிற்க வேண்டும். அங்கே நின்று தலையை எண்ணுவது யார். ஒவ்வொரு பேருக்குக் கீழேயும் இன்னொரு பேர், முதல் ஆள் இல்லாவிட்டால் பார்த்துக்கொள்ள. வாசலில் வழி காட்டுவது நீங்கள் என்று எழுதினோம். உங்கள் பேருக்குக் கீழே மட்டும் காலி.

“உங்களுக்குக் கீழ யாரு பாய்?”

“எழுதுவோம் மேடம். இன்னா அவசரம்?”

ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் ‘இல்லன்னா’ கேட்ட மனுஷன், தனக்கு மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பத்திரிகை வருஷா வருஷம் என் பையிலேயே இருந்தது. அந்த இடமும் காலியாகவே இருந்தது.

பந்தலுக்கு நீங்கள் எப்போதும் இரண்டு வழி வைப்பீர்கள். சாலைப்பக்கம் ஒன்று. சாமான் லாரி வந்து நிற்கிற பக்கம் என்பதால் சமையலும் அங்கேதான். இன்னொன்று நேர் எதிரே, பின்னால். அந்தப் பக்கம் ஒரு தரிசு, அதைத் தாண்டினால் மலை. இரண்டு கம்புகளுக்கு நடுவில் ஆறடி அகலத்துக்குத் துணி கட்டாமல் விடுவீர்கள். “மலைப்பக்க வழி” என்று நீங்கள்தான் பேர் வைத்தீர்கள். சமையல்பக்கம் ஏதாவது ஆனால் சாப்பிடுகிறவர்கள் போவதற்கு அது ஒன்றுதான். பரிமாறுகிற பெண்களை அதன் வழியாக வாளியும் கையுமாக ஒருதரம் நடக்கவிட்டீர்கள். செல்வி, அதுதான் பரிமாறும் பெண்களில் மூத்தவள், விழுந்து விழுந்து சிரித்தாள். “இன்னா பாய், பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களா நாங்க?” என்றாள். ஆனாலும் நடந்தாள்.

ஒன்றை மட்டும் நாம் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. நான் இந்த ஊரிலேயே கிடப்பவள், எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். திருவண்ணாமலையில் மலை தெரிகிற மாதிரி ஆறடி இடம் விட்டால் அது எத்தனை நாளைக்கு வழியாக இருக்கும்? யார் உள்ளே வந்தாலும் அந்த இடைவெளியில் மலை முழுசாகத் தெரியும். தெரிந்தால் கை தானாகக் குவியும். கை குவிகிற இடத்தில் ஒரு விளக்கு வைக்காமல் இந்த ஊர் ஜனம் இருக்குமா?

போன வருஷம் தீபத்தன்று காலையில் தூறல் போட்டது. பத்து மணிக்கு வெயில் வந்துவிட்டது. நான் புளிசாதத்துக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து பக்கத்தில் நின்றீர்கள்.

“மேடம், மலைப்பக்க வழியில மேஜ போட்டு, சாமி படம் வெச்சி, விளக்கேத்திட்டாங்க. கோலம்கூடப் போட்டாச்சு.”

திரும்பிப் பார்த்தேன். அழகாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பூமாலைக்கும் அகல் விளக்குகளுக்கும் பின்னால் மழையில் குளித்த மலை. தலைவரும் அவர் மனைவியும் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நான் சொன்னா நல்லா இருக்காது மேடம்” என்றீர்கள் குரலைத் தாழ்த்தி. “நான் போயி விளக்க எடுங்கன்னா அது வேற மாதிரி ஆயிடும். நீங்க சொல்லுங்க.”

“சொல்றேன் பாய்.”

நான் போகவில்லை. கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள், இப்போது போய் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். பிறகு அரிசி வெந்துவிட்டது. பிறகு இலைக்கட்டு வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கூச்சமாக இருந்தது. எல்லாருக்கும் முன்னால் சாமி விளக்கை எடுக்கச் சொன்னவள் என்று பேர் வாங்க எனக்கு இஷ்டமில்லை. பதினொரு மணிக்கு நீங்கள் மறுபடியும் வந்தீர்கள்.

“மேடம், அது...”

“சொல்றேன்னு சொன்னேன்ல பாய். மொதப் பந்தி முடியட்டும்.”

என் குரலில் இருந்த எரிச்சல் எனக்கே கேட்டது. நீங்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். அதன் பிறகு நீங்கள் சாப்பிடவில்லை, டீ குடிக்கவில்லை, சாலைப்பக்கம் வரவில்லை. மேஜைக்குப் பக்கத்தில், துணி கட்டியிருந்த கம்பில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தீர்கள். அந்த மேஜையை வெறும் மேஜையாகப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பந்தலில் நீங்கள் ஒருவர்தான்.

முதல் பந்தி முடிந்தது. நான் சொல்லவில்லை. இரண்டாவது பந்திக்கு இலை போட்டார்கள்.

காலைத் தூறலுக்குப் பயந்து வடை அடுப்பை நாலடி உள்ளே தள்ளி வைத்திருந்தார்கள். எண்ணெயில் தீ எப்போது பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. மத்தியான வெயிலில் நெருப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேலே கட்டியிருந்த மஞ்சள் துணியில் ஒரு ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. அவ்வளவுதான் தெரிந்தது. புகை வந்தபோதுகூட சாம்பிராணி என்று நினைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் உண்டு. செல்வி ஓடிப்போய் சிலிண்டரை மூடினாள். பத்திரிகையில் அவள் பேர்தான் இருந்தது. ஆனால் துணி பிடித்துவிட்டது. சாலைப்பக்கம் போக முடியாது. எல்லாரும் எழுந்து மலையைப் பார்த்து ஓடினார்கள்.

ஓடிப்போய் நின்றுவிட்டார்கள்.

பாய், அதை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். முதலில் போன ஆள் மேஜைக்கு ஒரு முழத்தில் நின்றார். காலைத் தூக்கினார், கீழே வைத்துவிட்டார். எரிகிற விளக்கைத் தாண்ட அவருக்குக் கால் வரவில்லை. பக்கத்தில் வந்த அம்மா சாமி சாமி என்று கூப்பிட்டாளே தவிர மேஜையில் கை வைக்கவில்லை. பின்னால் இருந்து தள்ளுகிறார்கள், முன்னால் இருப்பவர்கள் இரண்டு கையையும் விரித்து, விளக்கு சாயாமல் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். உயிர் போகிற நேரத்தில்கூட நாம் இப்படித்தான்.

நீங்கள் மேஜையை நோக்கிக் கையை நீட்டினீர்கள். நீட்டிய கை பாதியில் நின்றது. தலைகளுக்கு மேலாக என்னைத் தேடிப் பார்த்தீர்கள். நான் முப்பதடி தள்ளி நின்றேன். “விளக்க எடுங்க” என்று நான் கத்தியிருக்கலாம். காலையிலிருந்து தொண்டையில் இருந்த வார்த்தை அது. எனக்கு வந்தது “பாய்” என்ற ஒரு கூப்பாடு மட்டும்தான்.

நீங்கள் மேஜையைத் தொடவே இல்லை. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, பக்கத்துத் துணியை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாகக் கிழித்தீர்கள். கயிற்றை அறுத்தீர்கள். குறுக்குக் கம்பைத் தோளால் முட்டித் தள்ளினீர்கள். “இப்படி வாங்க, இப்படி வாங்க” என்று நீங்கள் போட்ட சத்தம்தான் கடைசியாக உங்கள் முழுக்குரலில் நான் கேட்டது. அந்தக் கிழிசல் வழியாகத்தான் எல்லாரும் வெளியே போனோம். பிறகு நீங்கள் உள்ளே திரும்பினீர்கள். முதல் வரிசையில் கால் சரியில்லாத பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் உட்காரும்போதே நீங்கள் பார்த்து வைத்திருந்தீர்கள். அவரைத் தூக்கிக்கொண்டு வரும்போது மேல்துணி மொத்தமாக உங்கள் முதுகில் இறங்கியது. அவருக்குக் கையில் கொஞ்சம் கொப்புளம், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தீர்கள். ஒரு நாள் என்னை உள்ளே விட்டார்கள். குரல் காற்றாகத்தான் வந்தது.

“எல்லாரும் டீக்கட வாசல்ல வந்து நின்னாங்களா மேடம்?”

“நின்னாங்க பாய்.”

“எண்ணிப் பாத்தீங்களா?”

“பாத்தேன். ஒருத்தரும் கம்மி இல்ல.”

கண்ணை மூடிக்கொண்டீர்கள். நான் காத்திருந்தேன். ஏன் சொல்லல மேடம் என்று நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. நர்ஸ் வந்து போகச் சொல்லும் வரைக்கும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்காமல் போனதால் அது என்னிடமே இருக்கிறது.

நீங்கள் போன பிறகு ஊரில் ஒரு பேச்சு. அத்தனை நெருப்பிலும் அந்த விளக்கு அணையவில்லை, படத்தில் ஒரு பொறி படவில்லை, பார்த்தீர்களா அவன் அருளை என்று. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கும் அவன் மேல் பக்தி உண்டு, பாய். விளக்கு அணையாமல் இருந்ததற்குக் காரணம், அதைச் சாய்க்க மனசு வராமல் அதன் பக்கத்தில் வேறு வழி வெட்டிய ஒரு ஆள். அதை ஒருத்தராவது சொல்ல வேண்டாமா? நானும்தான் சொல்லவில்லை. சொல்லப் போனால், ஏன் விளக்கை முதலிலேயே எடுக்கவில்லை என்ற கேள்வி வரும்.

இன்று காலை உங்கள் தம்பி சாலைப்பக்கம் முடித்துவிட்டுப் பின்னால் போனார். அதே இடத்தில், அதே ஆறடி. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்பு நட்டு அரை மணி நேரம் ஆகியிருக்காது. குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வந்தாள், நல்ல பெண். மலையைப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பையிலிருந்து கோலப்பொடி டப்பாவை எடுத்துக் குனிந்தாள். ஒரு ஆள் உயிரைக் கொடுத்த இடம், ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. யார் மேலும் தப்பில்லை. அந்த இடத்தில் மலை தெரிகிறது.

நான் ஓடிப்போய்த் தலைவரைக் கூப்பிட்டேன். போன வருஷத்துக்குப் பிறகு அவரும் பாதியாகிவிட்டார். பரிமாறுகிற பெண்களையும் கூப்பிட்டேன். “ஒரு ஒத்திகை இருக்கு” என்றேன். செல்வி வாளியைத் தேடினாள். “வாளி வேணாம்டி, ஓடறதுக்கு இல்ல. பேசறதுக்கு” என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

தலைவர் கையில் ஒரு அகல் விளக்கை ஏற்றிக் கொடுத்தேன். “நீங்க இத எடுத்துட்டு வந்து இந்த வழியில வைங்க. இவங்க ஒவ்வொருத்தரும் வேணாம்னு சொல்லணும்.”

“எங்கிட்டயா?” என்றார்.

“உங்ககிட்டதான். உங்ககிட்ட சொல்ல வந்துச்சின்னா அப்புறம் யாருகிட்டயும் வரும்.”

முதல் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது பெண் தலைவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். விளக்கு எரிகிறது, அவர் நிற்கிறார், அவளுக்கு வாய் திறக்கவில்லை. அப்போது சிரிப்பு அடங்கியது. போன வருஷம் என்ன நடந்தது என்று அவர்களுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். செல்விதான் முதலில் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு. “அண்ணே, இது வழிண்ணே. இங்க வெக்காதீங்க.” பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். கோலப்பொடி டப்பாவோடு நின்ற பெண்ணும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் தலைவர் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார், மறுபடியும் வந்தார்.

கல்யாணப் பத்திரிகையை வெளியே எடுத்தேன். மடிப்பில் கிழிந்துவிட்டது. உங்கள் பேருக்குக் கீழே இருந்த காலி இடத்தில் என் பேரை எழுதினேன். எனக்குக் கீழே செல்வி. அவளுக்குக் கீழே உங்கள் தம்பி. அவருக்கு உங்கள் கத்தியைக் காட்டினேன். “நாளைக்கு இத இந்தக் கம்புல கட்டித் தொங்கவிடலாம்” என்றேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டார். “வெச்சிருங்க மேடம், நீங்கதான இங்க நிக்கப் போறீங்க” என்றார். ஆமாம், நான்தான். நாளைக்கு அடுப்புப்பக்கம் வேறு ஆள். காலை முதல் கடைசி இலை எடுக்கும் வரைக்கும் நான் நிற்கப்போவது அந்த ஆறடியில்.

மலை மேல் மேகம் இறங்குகிறது. நாளைக்கும் தூறல் இருக்கும் போலிருக்கிறது. தூறல் இருந்தால் யாராவது அடுப்பை உள்ளே தள்ளுவார்கள். யாராவது பூமாலையோடு வருவார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, பாய். உங்களுக்கும் வருஷா வருஷம் இப்படித்தான் இருந்திருக்கும். அதை நாங்கள் சுபாவம் என்று நினைத்துக் கேலி செய்துகொண்டிருந்தோம்.

ஒத்திகையில் கடைசி ஆள் நான். தலைவர் ஒன்பதாவது தடவையாக விளக்கோடு வந்து என் முன்னால் நின்றார். சுடருக்குப் பின்னால் மலை. பத்து மணிக்கு ஒரு தடவை, பதினொரு மணிக்கு ஒரு தடவை நீங்கள் என்னிடம் வந்து நின்றது கண்முன் வந்தது. “விளக்க எடுங்க” என்றேன். சத்தமாகவே வந்தது, சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் விளக்கை எடுத்துக்கொண்டு போனார்.

நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன், பாய். ஒரு வருஷம் தாமதமாக.